அயல்வீட்டு வேதக்காரர்

சூசைதாசனுக்குக் கைதான் பேசும்; வாய் பேசாது. எந்தப் படகு என்ஜினையும் காதால் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவான். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லச் சொன்னால் அவனுக்கு வேர்த்துக் கொட்டும். குருநகரில் பிறந்து வளர்ந்தவன். மனைவி யோசப்பினுக்குப் பருத்தித்துறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மனையியல் ரீச்சர் வேலை கிடைத்ததும், இரண்டு பேருமாக வல்வெட்டித்துறைக்கு வந்து, கடலுக்குக் கிட்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். முற்றத்தில் ஒரு தகரக் கொட்டிலைப் போட்டு அவன் என்ஜின் திருத்தத் தொடங்கினான்.

அந்த ஒழுங்கையில் வேறு கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. வந்த முதற்கிழமையே பக்கத்து வீட்டு நாகேஸ்வரி வேலிப்பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினாள். அந்தப் பொட்டு, ஆள் குனிந்து போகுமளவுக்கு வேலியில் விட்டிருந்த இடைவெளி. முன்பு குடியிருந்தவர்களோடு அவள் பழகிய வழி அது.

"நீங்கள் வேதக்காரரோ பிள்ளை?"

"ஓம் அக்கா."

"ஆக்களைச் சேர்க்கிற வேதமோ, சும்மா இருக்கிற வேதமோ?"

யோசப்பினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்போதைக்குக் கணவாய்க் கறி வைக்கிற வேதம் அக்கா. கொஞ்சம் தரட்டோ?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் மச்சம் மாமிசம் தொடமாட்டம்."

அதற்குப் பிறகு யோசப்பின் வெள்ளிக்கிழமைகளில் மீன் பொரிப்பதை விட்டுவிட்டாள். வாசம் வேலி தாண்டிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் வெள்ளிக்கிழமை நாகேஸ்வரி ஒரு சட்டியில் முருங்கைக்காய்க் கறியோடு பொட்டால் வந்தாள். "உங்கடை குசினியிலை வெள்ளியிலை மணமே இல்லை, என்ன தின்னுறியளோ எண்டு யோசிச்சனான்" என்றாள். அன்றிலிருந்து சட்டிகள் அங்குமிங்கும் போய் வரத் தொடங்கின. நாகேஸ்வரி டெங்குக் காய்ச்சலில் பத்து நாள் படுத்தபோது யோசப்பின்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கடை ஆண்டவரிட்டை உங்களுக்காகக் கேக்கிறன் அக்கா, பறவாயில்லையோ?" என்று கேட்டாள். "ஆரிட்டை எண்டாலும் கேள் பிள்ளை, காய்ச்சல் விட்டாச் சரி" என்றாள் நாகேஸ்வரி.

ஆண்களுக்கு இப்படியொரு பழக்கம் வர நாளெடுத்தது. நாகேஸ்வரியின் புருஷன் சோமசேகரம் சொந்தப் படகில் தொழிலுக்குப் போகிறவர். ஐம்பத்தாறு வயது. கோபக்காரர். பின்னேரங்களில் கொட்டிலுக்குள் வந்து, கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் குந்தியிருந்து, சூசை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தேத்தண்ணி வரும். கடலைப் பற்றியும், இந்திய ரோலர்ப் படகுகள் வலையறுப்பதைப் பற்றியும் அவர் கதைப்பார். சூசை ஓம் போடுவான்.

அந்த வருடம் தவக்காலத்தில் கோயிலில் பாதர் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒவ்வொருவரும் அயலில் ஒருவருக்காவது ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சண்டைக்கும் வேண்டாம், ஆள் பிடிக்கவும் வேண்டாம், சிநேகிதனுக்குச் சிநேகிதன் சொல்கிறமாதிரிச் சொன்னால் போதும் என்றார். சூசைக்கு இது பெரிய பாரமாகிவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தான். ஒருநாள் துணிந்து தொடங்கியும் விட்டான்.

"அண்ணை, உங்களுக்கு ஒரு முக்கியமான விசயம் சொல்லோணும்."

சோமசேகரம் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்ன?"

சூசை கையிலிருந்த திருகாணியைப் பார்த்தான். "உங்கடை என்ஜினுக்குக் கியர் ஒயில் மாத்தோணும்."

குசினிக்குள் நின்ற யோசப்பின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தவக்காலம் முடிந்தது, பாஸ்காத் திருநாளும் வந்து போனது. சூசை ஒன்றும் சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, விடியக் கடலுக்குப் போன சோமசேகரம் ஒன்பது மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். பத்தாயிற்று, பதினொன்றாயிற்று, ஆளைக் காணோம். ஃபோனும் எடுபடவில்லை. நாகேஸ்வரி கரையில் வந்து நின்றாள். யோசப்பின் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து அவளோடு நின்றாள். பன்னிரண்டரைக்குப் பொலிகண்டிப் படகொன்று சோமசேகரத்தின் படகைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. நடுக்கடலில் என்ஜின் நின்றுவிட்டது. என்ஜின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வீங்கியதுதான் மிச்சம், படகு மேற்கே அள்ளுண்டு போயிருக்கிறது.

மனுஷன் கரையில் கால் வைத்ததும் நாகேஸ்வரியிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "வாகீசன்தான்" என்றார். "மண்ணெண்ணெய்க் கானுக்குள்ளை தண்ணி கலந்திருக்கிறான். வேறை ஆர் செய்வாங்கள்?"

வாகீசன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. தகப்பன் விட்டுப்போன கரைத்துண்டில் யார் படகு ஏற்றுவது என்று தொடங்கிய வாக்குவாதம் கைகலப்பில் முடிந்து, நாலு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. படகுகள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சோமசேகரம் நேரே மீனவர் சங்கத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விசாரிப்பதாகச் சங்கத்தில் சொன்னார்கள்.

என்ஜின் சூசையின் கொட்டிலுக்கு வந்தது. அவன் முதலில் எண்ணெயை ஒரு போத்தலில் வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். துளி தண்ணீர் இல்லை. பிறகு என்ஜின் மூடியைக் கழற்றினான். காபரேற்றருக்குப் பின்னால் எண்ணெய் வரும் குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளிப் தளர்ந்து கிடந்தது. குழாய்க்குள் காற்றுப் புகுந்துதான் என்ஜின் நின்றிருக்கிறது. அந்தக் குழாயைப் புதன்கிழமை மத்தியானம் புதிதாகப் போட்டவன் அவன்தான். திருகாணியைப் பாதி முறுக்கியிருந்தபோது ஃபோன் அடித்தது, கதைத்துவிட்டு வந்து மூடியைப் பூட்டிவிட்டான். அதுவும் அவனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

திருகாணியை இரண்டு முறுக்கு முறுக்கினான். ஒரே இழுவையில் என்ஜின் பாடத் தொடங்கியது. அவன் அதை நிற்பாட்டிவிட்டு வெறும் நிலத்தில் இருந்துவிட்டான்.

யோசப்பின் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவன் போய்ச் சொன்னான். அவள் கை நின்றது.

"ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை. நான் சொன்னால்தான்."

"சொன்னால் இனி ஆர் உங்களிட்டை என்ஜின் கொண்டு வருவினம்? கடலிலை உயிரைக் குடுக்கிற விசயம் எல்லோ."

"அதுதான்."

அவள் மீண்டும் துருவத் தொடங்கினாள். பாதி மூடி துருவி முடிந்த பிறகு சொன்னாள்: "சொல்லாமல் விட்டால் நான் அந்தப் பொட்டாலை போகேலாது. அக்காவின்ரை முகத்தைப் பாக்கேலாது."

அன்று பின்னேரம் சூசை சேர்ட் மாற்றிக்கொண்டு, வேலிப்பொட்டை விட்டு ஒழுங்கையால் சுற்றி, படலையைத் திறந்துகொண்டு போனான். சோமசேகரம் தோளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எண்ணெயிலை தண்ணி இல்லை. உங்கடை தம்பி ஒண்டும் செய்யேல்லை. குழாய்க் கிளிப்பை நான்தான் இறுக்காமல் விட்டிட்டன். என்ரை பிழை. உங்களுக்கு உயிராபத்து வந்திருக்கும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சங்கத்திலையும் நானே வந்து சொல்லுறன்."

அவன் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. சோமசேகரம் எண்ணெய்ப் போத்தலை மூடினார். எழுந்து உள்ளே போய்விட்டார். "இப்ப போங்கோ தம்பி" என்றாள் நாகேஸ்வரி, தாழ்ந்த குரலில்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பின்னேரம் சூசை சங்கக் கட்டிடத்துக்குப் போனான். இருபது பேர் வரையில் இருந்தார்கள். வாகீசன் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்றான். சூசை எழுந்து, வியாழக்கிழமை சொன்னதையே திரும்பச் சொன்னான். ஒரு வசனமும் விடாமல் முழுதாகச் சொல்லி முடித்தான். முறைப்பாடு அத்தோடு தள்ளுபடியானது. அன்றே இரண்டு பேர் கொட்டிலில் விட்டிருந்த தங்கள் என்ஜின்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவனுக்கு அது வலித்தது. ஆனால் இரவு நல்ல நித்திரை வந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலிப்பொட்டால் குனிந்து வந்தது நாகேஸ்வரியல்ல, சோமசேகரம். வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தார்.

"என்ரை என்ஜினை இன்னொருக்கா முழுக்கப் பார்" என்றார். "நல்லாப் பார். பிழை விட்டவன் இனிக் கண்ணுக்குள்ளை எண்ணெய் விட்டுக்கொண்டு பாப்பான்."

சூசை என்ஜின் மூடியைத் திறந்தான். திருகாணியைக் கழற்றத் தொடங்கினான். கொஞ்ச நேரம் போக சோமசேகரம் கேட்டார்:

"நீ ஏன் சொன்னனீ? எனக்குத் தெரியவே வந்திராது."

"உங்கடை தம்பியிலை பழி போகப் பாத்தது அண்ணை."

"அதுக்கு எண்ணெய் நல்லாயிருக்கு, குழாய் பழசு எண்டு சொல்லியிருக்கலாம். உன்ரை பிழை எண்டு ஏன் சொன்னனீ?"

சூசை கையைத் துணியில் துடைத்தான். பாடமாக்கி வைத்திருந்த வசனம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"பயமாத்தான் இருந்தது. ஆனால் நான் கும்பிடுகிறவர் என்ரை பிழையளையெல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் என்னை வைச்சிருக்கிறார் எண்டு நம்புறன். அவருக்கு முன்னாலை ஒளிக்க ஒண்டுமில்லை. பிறகு உங்களுக்கு முன்னாலை ஒளிச்சு என்ன?"

"சிலுவையிலை தொங்குறவரோ?"

"ஓம். தன்னை ஆணியடிச்சவங்களை மன்னிச்சு விடச் சொல்லித் தகப்பனிட்டைக் கேட்டவர்."

சோமசேகரம் யோசித்தார். "ஆணியடிச்சவங்கள் வந்து மன்னிப்புக் கேட்டவங்களோ?"

"இல்லை அண்ணை."

"கேளாமலோ?"

"கேளாமல்தான்."

"உது கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் சோமசேகரம். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். போகும்போது பொட்டடியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நான் தம்பியாரிலை வீண்பழி போட்டிட்டன். பழைய சண்டைக்கு அவன் மன்னிப்புக் கேட்டு வருவான் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்கிறதோ, நான் போறதோ?"

அது கேள்வியா இல்லையா என்று சூசைக்கு விளங்கவில்லை. "தனியப் போக ஒருமாதிரி எண்டால் நானும் வாறன் அண்ணை" என்றான்.

அடுத்த நாள் பின்னேரம், பிடித்து வந்ததில் நல்ல பாரை மீன் ஒன்றைப் பையில் சுற்றிக்கொண்டு, சோமசேகரம் சூசையின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினார். வாகீசனின் பெண்சாதி இராசமலர் படலையைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். சோமசேகரம் மீனை அவள் கையில் கொடுத்தார். "பிள்ளை, இதைக் குழம்பு வை. நான் இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போவன்." பிறகு, வெளியே வந்த தம்பியைப் பார்த்து, "உன்னிலை பிழை சொன்னது என்ரை பிழையடா" என்றார். வாகீசன் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து தமையனுக்குப் போட்டான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கரைத்துண்டைப் பற்றித் திரும்பவும் வாக்குவாதப்படத் தொடங்கினார்கள். ஆனால் இந்த முறை இருந்துகொண்டு, சிரித்துக்கொண்டு. சூசையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தான்.

சோமசேகரம் அம்மன் கோயிலுக்குப் போவதை விடவில்லை; நெற்றியில் திருநீறு இல்லாமல் கடலுக்குப் போனதும் இல்லை. கொட்டிலுக்கு வேலை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முதலில் என்ஜின் கொண்டு வந்தவன் வாகீசன்.

ஆவணியில் ஒருநாள் பின்னேரம், சோமசேகரம் வாளியில் சாய்வாக இருந்துகொண்டு, "உன்ரை ஆளின்ரை கதையை முதலிலையிருந்து சொல்லன்" என்றார். "உவர் என்ன தொழில்?"

"தச்சுத்தொழில் அண்ணை. கூட நிண்டவை கொஞ்சப்பேர் மீன்பிடிகாரர்."

சோமசேகரம் நிமிர்ந்து இருந்தார். "அப்பிடியோ? சொல்லு."

சூசை சொன்னான். விடிய விடிய வலை போட்டும் ஒரு மீனும் படாமல், கரையில் வலை கழுவிக்கொண்டு நின்றவர்களிடம் அவர் வந்ததையும், இன்னும் ஆழத்துக்குப் போய் வலையைப் போடச் சொன்னதையும் சொன்னான்.

"பொறு. இரவிலை படாத மீன் விடிஞ்சாப் பிறகோ? தச்சன் சொல்ல, கடல் தெரிஞ்சவன் கேட்டுப் போட்டவனோ?"

"போட்டவன் அண்ணை."

"விசரன். பிறகு?"

"ரெண்டு வள்ளமும் தாழுற அளவுக்கு மீன். வலையும் கிழியப் பாத்தது."

"என்ன வலை? இழுவலையோ?"

"அது எனக்குத் தெரியாது."

"அதையும் கேட்டு வை" என்றார் சோமசேகரம், சங்கத்தில் கதைக்கிறமாதிரி மும்முரமாக.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நாகேஸ்வரி இடியப்பம் ஆறுகிறதென்று கூப்பிட்டாள். யோசப்பினும் அங்கேதான் இருந்தாள். இருவருடைய சிரிப்பும் கேட்டது.

"வாறம், கொஞ்சம் பொறுங்கோ" என்று குரல் கொடுத்துவிட்டு, சோமசேகரம் வாளியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீ சொல்லு. அவ்வளவு மீனையும் என்ன செய்தவை?"