சம்பந்தி வீட்டுக்குப் போன சீனப் பணியாரம்

முகம்மது ரிபாய் சீனாவிலிருந்து திரும்பிய பிறகாவது தன் கைபேசி சற்று ஓய்ந்திருக்கும் என்று ஹாலிதா நம்பியிருந்தாள். அவள் கணவரான ரிபாய், பர் துபாய் மீனா பஜாரில் அலங்கார விளக்குக் கடை வைத்திருப்பவர். வழக்கமாகக் குவாங்சோவுக்குச் சென்று சரக்கெடுத்து வருபவன் அவளுடைய தம்பி ஃபாரூக். அவன் கால் முறிந்து படுத்துக்கொள்ளவே, இம்முறை அவர் தாமே புறப்பட்டார். அன்று முதல் ஹாலிதா துபாயின் கராமா பகுதியில் இருந்த வீட்டின் அடுப்படியில் நின்றபடியே, கைபேசித் திரையில் தென்சீனம் முழுவதையும் பார்த்துவிட்டாள். பார்த்தவையெல்லாம் தட்டுகள்.

"ஹாலிதா, இது என்னாண்டு பாரு. மீன் மாதிரித்தான் தெரியுது."

"மீனுதான் மச்சான். சாப்புடுங்க."

"எந்தச் சட்டியில பொரிச்சான்டு தெரியலையே."

"அத நான் கராமாவுல இருந்துக்கிட்டு எப்புடி மச்சான் பாக்குறது?"

குவாங்சோவில் பழைய பள்ளிவாசலை ஒட்டிய தெருவில், பச்சைப் பலகையும் அரபு எழுத்துமாக ஓர் உணவுக்கடை அகப்பட்டது. அங்கே மாட்டிறைச்சி போட்ட நூடுல்ஸை வயிறார உண்டார். ஆனால் அவர் பார்க்க வேண்டிய தொழிற்சாலைகள் ஃபோஷான் பக்கம் இருந்தன. அங்கே தங்கிய நாள்களில் பச்சைப் பலகை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பன்றி உண்பதில்லை என்பதைச் சீன மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டு, ஒரு கடையில் போய்ச் சொல்லியும் பார்த்தார். கடைக்காரி மிகுந்த மரியாதையோடு தலையாட்டி, கீரையின்மேல் கிடந்த இறைச்சித் துண்டுகளைக் கரண்டியால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, அதே தட்டை அவர்முன் வைத்தாள். தொழிற்சாலை முதலாளி அளித்த பெருவிருந்தில் தர்பூசணியை மட்டும் தின்று எழுந்தார். மற்ற வேளைகளுக்கு ஹாலிதா கட்டிக்கொடுத்த ரஸ்க்கும் அங்கே வாங்கிய வாழைப்பழமுமே துணை. பட்டினி கிடந்தது அவர். ஒவ்வொரு பட்டினிக்கும் கைபேசியில் சாட்சியாக இருக்க வேண்டியவள் அவள்.

இத்தனை பேணுதலாக இருந்த மனிதர்தாம் திரும்பும்போது இரண்டு பணியாரப் பெட்டிகளை வாங்கி வந்தார். சிவப்புப் பட்டு ஒட்டிய அட்டையில் பொன்னிறமாக ஒரு முழுநிலா. சீனர்கள் நிலாத் திருநாளுக்கென்று செய்கிற பணியாரமாம். ஒரு பெட்டியை, வந்த மறுநாளே ஷார்ஜாவில் இருக்கும் ஈசாவின் வீட்டில் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். மகள் இன்ஷாவை ஈசாவின் மகன் சாகிருக்குப் பேசி முடித்திருந்தார்கள். நிக்காஹ் தேதி மட்டும் குறிக்கப்படவில்லை. பயணம் போய் வந்தவர் சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போவது கீழக்கரைக்காரர்களான அவர்கள் வழக்கத்தில் இல்லை.

மற்றொரு பெட்டியை வெள்ளிக்கிழமை மாலை தேநீருக்கு ஹாலிதா திறந்தாள். கத்தியைப் பணியாரத்தில் வைத்தாயிற்று. கைபேசியைப் பெட்டியின் அடிப்புறம் காட்டி, அதிலிருந்த சீன எழுத்துகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த இன்ஷா திடீரென்று கையை நீட்டித் தடுத்தாள்.

"உம்மா, வெயிட். கட் பண்ணாதீங்க. லார்டுன்னு காட்டுது."

"அப்புடின்டா என்னம்மா?"

"பன்னிக் கொழுப்பு."

ஹாலிதா கத்தியை மேசையில் வைக்காமல், நேரே கழுவுதொட்டியில் போட்டாள். அஸர் தொழுதுவிட்டு வந்த ரிபாய் செய்தியைக் கேட்டு, முதலில் கைபேசியைத்தான் குற்றம் சொன்னார்.

"அது தப்பா காட்டும். நேத்து என் கடை போர்டயே என்னமோண்டு காட்டுச்சு."

"வாப்பா, மூணு ஆப்ல பாத்துட்டேன். சேம் ரிசல்ட்."

"எங்குன வாங்குனிய இத?" என்றாள் ஹாலிதா.

"பெரிய சூப்பர் மார்க்கெட்டு. நான் பாக்காமயா வாங்குவேன்? பன்னிக் கறியெல்லாம் அந்தக் கோடியில தனியாத் தொங்குச்சு. நான் அந்தப் பக்கமே திரும்பல. இது இந்தக் கோடியில, பிஸ்கோத்துப் பக்கத்துல இருந்துச்சு."

ஹாலிதாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. துபாயின் பெரிய கடைகளில், பன்றி சேர்ந்த பண்டம் எதுவானாலும், கொழுப்பு சேர்ந்த பிஸ்கட்டுவரை, முஸ்லிம் அல்லாதோருக்கு என்று பலகை மாட்டிய ஒரு தனியறைக்குள்தான் இருக்கும். அந்த அறைக்குள் நுழையாதவனுக்குக் கடையின் மற்ற பகுதியெல்லாம் ஐயமற்றது. ஊரைவிட்டு வந்த நாள்முதல் அப்படியே வாங்கிப் பழகிய மனிதர், சீனாக்காரனும் தமக்காக ஓர் அறையைத் தடுத்துவைத்திருப்பான் என்று எண்ணிவிட்டார்.

"மீன் பொரிச்ச சட்டிக்கி என் உசுர வாங்குனிய. பணியாரத்துக்கு ஒரு போன் போட ஒங்களுக்கு விரலு வரல."

"இனிப்புல போயி அதச் சேப்பான்டு யாருக்குத் தெரியும்?"

"சம்பந்தி வீட்டுல குடுத்திருக்கியளே, மச்சான்."

அப்போதுதான் ரிபாயின் முகம் மாறியது. ஈசாவின் மனைவி சாதாரணப் பெண்மணி அல்லள். ஐஸ்கிரீம் டப்பாவைக்கூட மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்த பிறகே வீட்டுக்குள் விடுகிறவள். முன்பொரு முறை மகனுக்குப் பேசிய இடத்தில், பெண்வீட்டார் கண்ட கடையில் கோழி வாங்குகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பேச்சை முறித்துக்கொண்டவள்.

ரிபாய் தாழ்ந்த குரலில் ஒரு யோசனை சொன்னார். "தெரியாமத் தின்னவுகளுக்குக் குத்தமில்ல. நாம சொன்னாத்தான் அவுகளுக்குத் தெரியும். பேசாம இருந்துருவமே."

"அவுகளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமே. இன்னும் பாதி மிச்சமிருந்தா, ஒவ்வொரு துண்டும் நம்ம கணக்குல போவும்."

"அப்ப போன்ல சொல்லிருவோம்."

"போன்ல சொல்ற சேதியா இது? கெளம்புங்க."

"தேதி குறிக்கிற நேரத்துல..." என்று இழுத்தார்.

"முறிஞ்சாலும் நேர்ல போய் முறியட்டும்" என்றாள் ஹாலிதா. சொன்ன பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். இன்ஷா கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க உம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தக் கைபேசியில் சாகிருடைய குறுஞ்செய்திகள் வந்தவண்ணம் இருந்ததை ஹாலிதா அறிவாள்.

ஷார்ஜா சாலை வழக்கம்போல் வண்டிகளை விழுங்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. ரிபாய் வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு ஒத்திகையும் அந்தச் சூப்பர் மார்க்கெட்டின் இரு கோடிகளில் போய் நின்றது.

"கோடிக் கதைய அங்க எடுக்காதிய, மச்சான். கையெடுத்துக் கும்புடுறேன்."

"அது தெரிஞ்சாத்தானே நான் வேணும்டு செய்யலண்டு வெளங்கும்?"

"ஒங்களுக்கு வெவரம் பத்தாதுண்டுதான் வெளங்கும்."

ஈசா கதவைத் திறந்து, முகமெல்லாம் சிரிப்பாக ஸலாம் சொல்லி அழைத்தார். கடல்கடந்து வணிகம் செய்து களைத்து வந்தவரை உட்காரவைத்துச் சீனத்து விலைவாசி விசாரித்தார். ஈசாவின் மனைவி தேநீரையும், மூடியிட்ட ஒரு தட்டையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். மூடிக்குள் அந்தப் பணியாரமே இருக்கும் என்று ஹாலிதா நினைத்தாள். மூடி திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். ரிபாய் தொண்டையைக் கனைத்தார். "அந்தச் சூப்பர் மார்க்கெட்டுல பாத்தியண்டா" என்று தொடங்கினார்.

ஹாலிதா தட்டின் மூடிமேல் கையை வைத்தாள். "ராத்தா, பொறுத்துக்கங்க. இவுக கொண்டாந்து தந்த பணியாரத்துல பன்னிக் கொழுப்பு கலந்திருக்கு. எங்க வீட்டுப் பெட்டியில இப்பத்தான் பாத்தோம். தெரியாமத் தந்துட்டோம். சொல்லாம இருக்க மனசு ஒப்பல."

ஈசாவின் மனைவியுடைய முகம் சிவந்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். முடிந்தது, இனி எழுந்துபோக வேண்டியதுதான் என்று ஹாலிதா எண்ணினாள்.

"சொல்லு" என்றார் ஈசா, மனைவியைப் பார்த்து.

"என்னத்தச் சொல்ல."

"அவுக சொல்லிட்டாக. நீயும் சொல்லு."

அவள் நிமிராமலே சொன்னாள். "நாங்க அதத் தொறக்கவே இல்ல, ஹாலிதா. தப்பா நெனைக்காத. முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்தேன், எல்லாம் சீனா எழுத்து. படிக்க முடியாதத எப்புடித் திங்கிறது? சம்பந்தி தந்தத குப்பையில போடவும் மனசு வரல. எதுத்த வீட்டுல ஒரு சீனாக்காரப் புள்ள இருக்கு. அதுக்கிட்ட குடுத்துட்டேன். அன்னைக்கி அவுக பெருநாளாம். அதுக்குக் கண்ணே கலங்கிப் போச்சு."

ஹாலிதா மூடியிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே இருந்தவை சமோசாக்கள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய அதே வேகத்தில், தாங்கள் ஆசையாகத் தந்த சீரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கைமாற்றிவிட்டார்களே என்ற எரிச்சல் ஏறிற்று. ஏறிய எரிச்சலை எங்கே இறக்குவதென்றும் தெரியவில்லை. ஷார்ஜா சாலை நெடுக அவள் மனத்துக்குள் ஓதிக்கொண்டு வந்ததெல்லாம் இந்தச் சமோசாவுக்கா?

"ஒரு போன் போட்டு என்னாண்டு கேட்டிருக்கலாமே, ராத்தா" என்றாள்.

"நீயும் நேர்ல வராம ஒரு போன் போட்டிருக்கலாம். ரெண்டு பேருக்கும் மானம் மிஞ்சியிருக்கும்." அவள் இப்போதுதான் நிமிர்ந்தாள். "நாளைக்கி ஒம் மவ இங்க வந்து, நான் எதையாச்சும் அடுத்தவுகளுக்குத் தள்ளிவிட்டாலும் ஒன்னப் போலத்தான் மூஞ்சிக்கு நேரா கேட்டுக்கிட்டு நிப்பாளோ?"

"நிப்பா" என்றாள் ஹாலிதா.

"அப்ப சரி. நிக்காஹ்வ ரஜப் மாசத்துல வச்சுக்கிருவோம்" என்று ஈசாவின் மனைவி சமோசாவை அவள் பக்கம் தள்ளினாள். "சாப்புடு. என் கையால செஞ்சது. எழுத்து ஒண்ணுமில்ல."

அந்நேரம் வாயில்மணி ஒலித்தது. எதிர்வீட்டுச் சீனப்பெண் ஒரு பரிசுப்பெட்டியோடு நின்றாள். பணியாரத்துக்குப் பதில்மரியாதையாம். ஆங்கிலத்தில் திக்கித்திக்கி, "ஹலால், ஹலால். கடைக்காரரிடம் கேட்டே வாங்கினேன்" என்றாள். ஈசாவின் மனைவி அவளை உள்ளே இழுத்து நாற்காலியில் அமர்த்தி, அவள் கையிலும் ஒரு சமோசாவைத் திணித்தாள்.

பெட்டி ரிபாயின் கைக்கு வந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பெட்டியின் மேற்புறத்தைப் பார்த்தார், கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்த்தார், பக்கவாட்டிலும் திருப்பினார்.

"என்ன மச்சான் தேடுறிய?"

"ஹலால் முத்திரை."

"அது மதீனாப் பேரீச்சம்பழம், மச்சான்."

"இருக்கட்டும்" என்று ரிபாய் பெட்டியை விளக்குப் பக்கம் நீட்டிப் பிடித்தார். "கடையில எந்தக் கோடியில இருந்துச்சுண்டு அந்தப் புள்ளகிட்டக் கேளு."

ஹாலிதா கேட்கவில்லை. பெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கித் திறந்து, ஒரு பழத்தை எடுத்து அவர் வாயில் வைத்தாள்.