சூசையப்பர் கொடுத்த போரிக் பவுடர்

மாதா திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம். மால்ட்டாத் தீவு முழுக்க ஈரக்காற்று. ஊருக்கு வெளியே, மாதா சங்கத்தின் வாணவெடிக் கொட்டகையில் கர்ம்னு தகர டப்பாவைத் திறந்தார். காலி.

"சல்வினா, இதுல இருந்த போரிக் பவுடர் எங்க?"

சாப்பாடு கொண்டுவந்த மனைவி சல்வினா பெருமையாகச் சொன்னாள்: "கரப்பானுக்குப் போட்டேன். சங்கத்து அடுப்படியில இப்ப ஒண்ணுகூட இல்ல!"

வெள்ளிப் பூ என்னும் வாணத்துக்கான அலுமினியத் தூளும் வெடியுப்பும் தயாராக இருந்தன. தண்ணீர் தெளித்துப் பிசைவதுதான் பாக்கி. அலுமினியத் துகள் ஒவ்வொன்றும் மெல்லிய தோல் போர்த்தியது. உப்போடு ஈரம் சேர்ந்தால் அந்தத் தோல் அரிபட்டுப் போகும். கலவை சூடேறும், அமோனியா நெடி அடிக்கும், கடைசியில் தானே பற்றிக்கொள்ளும். கொஞ்சம் போரிக் பவுடர் சேர்த்தால் தோல் தப்பும். அது இல்லாவிட்டால் இந்த வருடம் மாதாவுக்கு வெள்ளிப் பூ கிடையாது.

திருவிழா வாரம் என்று கடைகள் சாத்தியிருந்தன. பவுடர் இருக்கக்கூடிய ஒரே இடம் சூசையப்பர் சங்கத்தின் கொட்டகை. அங்கே தம்பி நேனு இருந்தான். ஊர்வலத்தில் எந்த பாண்டு முன்னால் போவது என்ற சண்டையில் அந்தப் பக்கம் போனவன். அதோடு பேச்சும் போயிற்று. வெள்ளிப் பூ விரிந்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து நேனு அடிக்கும் விசில் ஊரையே எழுப்பும். சண்டைக்குப் பிறகும் ஒவ்வொரு திருவிழாவிலும் கர்ம்னு அந்த விசிலுக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தார். வரவேயில்லை.

எதிர்ச் சங்கத்திடம் கையேந்தக் கூசியது. ஆனாலும் போனார்.

"என்னண்ணே, வழி தப்பிட்டியா?" நேனுவின் முன்பற்கள் இரண்டும் போயிருந்தன.

"போரிக் பவுடர் வேணும்டா."

நேனு பதறினான். "தண்ணி தெளிச்சிட்டியா?"

"இல்லடா."

"நல்லவேளை!" உள்ளே ஓடி டப்பாவோடு வந்தான். "எங்க ஆளுங்க கேட்டா என்னத்தச் சொல்ல?"

"சூசையப்பர் தன் பொண்டாட்டி மாதாவுக்குக் குடுத்தார்னு சொல்லு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு நேனு கதவைச் சாத்தினான். திருவிழாவுக்கு வா என்று சொல்ல வாய் வரவில்லை கர்ம்னுவுக்கு.

திருவிழா அன்று வெள்ளிப் பூ வானம் நிறைய விரிந்தது. ஊரே ஆர்ப்பரித்தது. அதற்கு நடுவே திடலின் கல்சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம்: விசிலாகாமல், காற்று மட்டும் சீறியது. போன வருடமும் கேட்ட சத்தம்தான், அதற்கு முந்தின வருடமும். யாரோ பொடியன் என்று நினைத்திருந்தார்.

பல் இல்லாமல் எப்படி விசிலடிப்பான்?

கர்ம்னு சுவர்ப் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றி உயர்த்தினார். இருட்டில் மறுபடியும் அந்தச் சீறல், இந்த முறை நீளமாக.

"வாடா இந்தப் பக்கம்!" என்று கத்தினார்.