கால்விரலும் நெஞ்சும்

கணிப்பொறி வரிசைப்படுத்திக் கொடுத்த பழைய மருந்துகளில் முதலாவதாக நின்றது என் அம்மாவின் மாத்திரை. பெங்களூர் ஆய்வகத்தில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கௌட் என்கிற மூட்டுவலி வந்து கால் பெருவிரல் வீங்கும்போது அம்மா விழுங்குவது அது. மாரிகுப்பத்தில் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. நான் தேடிக்கொண்டிருந்ததோ நைனாவின், என் அப்பாவின் நோய்க்கு.

நைனா தங்கச் சுரங்கத்தில் டிரில் பிடித்தவர். சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பாறைத்தூசி மட்டும் இன்னும் அவர் நெஞ்சை விட்டுக் கிளம்பவில்லை. குளிக்கப் போனால் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். சிலிகோசிஸில் தழும்பேறிய நுரையீரலைத் திருப்பித் தருகிற மருந்து இன்னும் இல்லை.

என் வேலை என்னவென்று கேட்கிறவர்களுக்கு சுரங்க ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லைன் வீடுகளின் குழாயடிச் சண்டையைத்தான் சொல்வேன். உடம்பில் ஆயிரக்கணக்கான புரதங்கள். எது எதோடு பேசுகிறது என்று புள்ளியும் கோடுமாகப் போட்டால் பெரிய வலை. சண்டை நிற்க வேண்டுமானால் கத்துகிறவளைப் பிடித்துப் பயனில்லை, கோள் மூட்டுகிறவளைப் பிடிக்க வேண்டும். அவள் வாயை அடைக்கத் தெரிந்த மருந்து வேறு ஏதோ நோயின் பெயரில் கடையில் ஏற்கெனவே இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

அந்த மாத்திரையிலிருந்து கோடு பிடித்துக்கொண்டே போனேன். அம்மாவின் விரலில் சேர்வது யூரிக் அமிலப் படிகம். நைனாவின் நெஞ்சில் இருப்பது பாறைப் படிகம். இரண்டில் எதை விழுங்கினாலும் வெள்ளணுக்கள் ஊதுவது ஒரே அபாயச் சங்கைத்தான். படித்துத் தெரிந்த சங்கதிதான். ஆனால், எதற்கெடுத்தாலும் எலியும் பூனையுமாக நிற்கிற அம்மாவும் நைனாவும் என் திரையில் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்ததைப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

ரயிலில் நின்றே வந்தும் களைப்புத் தெரியவில்லை. வாசலிலேயே கொட்டிவிட்டேன்.

"அம்மா, உன் கால் மாத்திரெ கீதே, அது நைனா நெஞ்சுக்கும் கேக்கும் போலக் கீது. ஆனா இது கம்ப்யூட்டர் சொல்றதுதான். இன்னும் எலிக்குக்கூட குடுத்துப் பாக்கல."

முதல் பாதிதான் அந்த வீட்டில் காதில் விழுந்தது. எங்கள் ஆட்களுக்கு மாத்திரையில் உன்னது என்னது கிடையாது. ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கு எழுதிக்கொடுத்தால் லைன் முழுக்கப் பங்கு போகும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த மாத்திரையைக் கண்ணால் ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டு டப்பாவைத் திறந்தேன். அட்டையில் ஒன்றுதான் மிச்சம். அம்மாவோ விரல் சிவந்து வீங்கி, காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள்.

"நீ போட்டுக்கலயா?"

"நைனாக்குக் குடுத்துட்டேன். வலி இன்னா வலி, வரும் போவும்."

எனக்கு உயிரே போய்விட்டது. நைனா சளிக்கு ஆண்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதற்கும் அதற்கும் ஆகாது. இந்த மருந்தை உடம்பிலிருந்து கழிக்கிற வேலையை அது நிறுத்திவிடும். உள்ளேயே தங்கி விஷமாகும். அதுவும் அதே வலையில் இருக்கிற கோடுதான். முந்தின நாள் என் கண் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சாயங்காலம் வரை படுக்கவைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இனி தொடக் கூடாது என்று அனுப்பினார்கள்.

தெருமுக்கில் ஆட்டோ நின்றது. அங்கிருந்து வீட்டுக்கு நடந்தால் நைனா முனியப்பன் கடை வாசலில் மூச்சுக்கு நிற்பது வழக்கம். அன்று நிற்கவில்லை.

"நெஞ்சு லேசா கீது வாணி," என்றார்.

ஆண்டிபயாடிக் இப்போதுதான் பிடித்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆக்சிஜனாக இருக்கலாம். மகள் கண்டுபிடித்தது என்ற நம்பிக்கையாகவும் இருக்கலாம். நானும் நம்பத்தான் துடித்தேன். அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மிச்சமிருந்த மாத்திரையை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வெச்சிரு. சளி மாத்திரெ முடியட்டும், அவருக்கே குடுக்கலாம்."

"ஒரு ஆளுக்கு நல்லானா அது கணக்குல வராதும்மா."

"வராட்டி போவுது. எனக்குக் கீறதே ஒரு ஆளுதான?"

மாத்திரையைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

அம்மா கட்டிலில் சாய்ந்தாள். நைனா அவள் காலை மெதுவாகத் தூக்கித் தன் மடியில் வைத்தார். தொட்டால் வலிக்கும் என்று குனிந்து, வீங்கிய விரல்மேல் ஊதினார். நீளமாக ஊதினார். இருமல் வரும் என்று அம்மாவும் நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் ஊதினார்.