நோம்பியில்லாக் காப்பு

கத்திக் கத்தி நர்ஸ் அமுதவல்லிக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கொரோனாவின் இரண்டாம் அலை அடித்த அந்த மே மாதத்தில் அவள் சேலத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய், சங்ககிரிக்குப் பக்கத்து ஊரொன்றில் "வெளியே போகாதீங்க" என்று கெஞ்சினாள். யார் கேட்டார்கள்? லாரிக்காரர்கள் லோடு ஏற்றப் போனார்கள், மற்றவர்கள் வேன் பிடித்து எழவுக்குப் போனார்கள். அவளுக்குப் பெரிய கவலை யுவஸ்ரீதான். எட்டு மாதக் கர்ப்பிணி, மூச்சிரைப்புக்காரி. அவளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் தாயும் பிள்ளையும் தங்கமாட்டார்கள்.

யுவஸ்ரீயின் மாமியார் செல்லாயி, மாரியம்மன் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவள். ஒருநாள் கேட்டாள்:

"ஏனுங்க நர்சம்மா, நம்மாளு வெளிய தங்கப்படாது, வெளியாளு உள்ள வரப்படாது. அவ்வளவுதானுங்களே? காப்புக் கட்டிப்போடலாமுங்க!"

அம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, காப்புக் கட்டிவிட்டால் அந்த ஊரில் அப்படித்தான். நோம்பி பங்குனியிலேயே முடிந்திருந்தது. இருந்தாலென்ன, மறுநாளே வீட்டுக்கு வீடு கையில் மஞ்சள் கயிறு ஏறியது. சர்க்கார் சொல்லி நிற்காத லாரிகள் அந்தக் கயிற்றுக்கு நின்றன. அடேயப்பா! அமுதவல்லிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கத்த வேண்டிய வேலை இல்லாததால் மூன்று நாள் அந்தப் பக்கம் போகாமல், நாலாம் நாள் யுவஸ்ரீயைப் பார்க்க வந்தவளை, ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே செல்லாயி மறித்தாள்.

"மாத்திரைய அந்தக் கல்லு மேல வெச்சுட்டுப் போங்க சாமி."

"அக்கா, நான் நர்ஸு!"

"நீங்களும் வெளியாளுதானுங்க. கோவிச்சுக்காதீங்க. கொரலு வேற கரகரங்குது."

"உங்க ஊர்ல கத்தித்தான் இப்படி ஆச்சு!"

"காப்புக் கட்டி மூணு நாளா நீங்க கத்தவே இல்லீங்களே?"

அமுதவல்லிக்குச் சுரீரென்றது. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். கொரோனாதான். செல்லாயி மறிக்காவிட்டால் யுவஸ்ரீயின் கையைப் பிடித்து நாடி பார்த்திருப்பேனே என்று நினைத்துக்கொண்டாள்.

சேலத்து அபார்ட்மென்ட்டில் எதிர்வீட்டார் அவள் கதவைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அவள் வீட்டுக்குள் அடைந்த ஐந்தாம் நாள், அந்த ஊர் எல்லையில் பால் எடுக்கும் வண்டிக்காரர் வாசலில் ஒரு பையை வைத்துவிட்டுப் போனார். உள்ளே முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி முட்டை, மஞ்சள் தோய்த்த ஒரு கயிறு. போனில் செல்லாயி.

"கட்டிக்கிட்டீங்களா சாமி? இனி நீங்களும் நம்மூரு ஆளுதானுங்க. நல்லாகற மட்டும் ஊட்டு வாசலைத் தாண்டப்படாது."

"யுவஸ்ரீ?"

"ஒரு தும்மல்கூட இல்லீங்க."

அழுகையோடு, பல்லால் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு, அமுதவல்லி தானே கயிற்றைக் கட்டிக்கொண்டாள்.