முன்பே வந்து போன வேட்பாளர்

வெய்ன் ஹக்காலா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்தான். "நான் வெய்ன் ஹக்காலா, உங்க சட்டமன்ற உறுப்பினர், என் புருஷன் கர்ட்டோட சுரங்கத் தெருவுல குடியிருக்கேன்." சாலை, பள்ளிக்கூடம், சுரங்க வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் தேர்தலில் எதிராளிகள் ஆணை மணந்த ஆண் என்று அவரைப் பற்றிக் கிசுகிசுத்தார்கள். கிசுகிசுக்க எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று அவரே முந்திக்கொண்டார். முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. ஆனாலும் நான்கு முறை ஜெயித்து, சட்டமன்றம் இருக்கும் செயின்ட் பாலுக்குப் போனார்.

கர்ட் என் அண்ணன். அதனால் வெய்ன் எனக்கு மச்சான். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். இரும்புத் தாது ஆலையில் இரவு வேலை. தேர்தல் வந்தால் பகல் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு அவருக்கு வண்டி ஓட்டுவேன்.

ஐந்தாவது தேர்தலுக்கு முன் தொகுதி எல்லையை மாற்றினார்கள். ஊரில் பாதி கை விட்டுப் போனது. பைக் என்ற ஏரிக்கு அப்பால் காட்டோரக் குடியிருப்புகள் வந்து சேர்ந்தன. அங்கே ஓட்டு விழாவிட்டால் பதவி இல்லை. வெய்ன் அதுவரை அந்தப் பக்கம் ஒரு கதவைக்கூடத் தட்டியதில்லை.

அக்டோபரில் ஒரு மத்தியானம். முதல் வீட்டில் கதவைத் திறந்தவள் கையெல்லாம் மாவு. வெய்ன் வாய் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"அட, மறுபடியும் வந்துட்டீங்களா? வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?"

"நீங்க வேற யாரையோ..."

"ஹக்காலாதானே? ரெண்டு பேருமா வந்து என் வாசல் கேட் தாழ்ப்பாளைச் சரி பண்ணிக் குடுத்தீங்களே. ஓட்டு உங்களுக்குத்தான், போங்க. அடுப்புல வேலை கெடக்கு."

வண்டியில் ஏறியதும் நான் சிரித்தேன். "எதிர்ல நிக்கிற ஆளையும் உங்களையும் கொழப்பிக்கிச்சு போல."

"எதிர்ல நிக்கிறது பொம்பளைடா."

அடுத்தது எமில் என்ற ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியின் வீடு. வெய்னைக் கண்டதும் கிழவர் கை நீட்டினார். வெய்ன் தன் வாக்கியத்தை முழுசாகச் சொன்னார். நீட்டிய கை கீழே இறங்கியது.

"புருஷனா? லெனோர் இந்த மேசையிலதான் உக்காந்திருந்தா. சுரங்கத்துல உங்கப்பனுக்கு வெரல் போனதை நீ சொன்னப்ப அவ அழுதா, நானும் அழுதேன். இப்ப இப்படிப் பேசற. நீ யாரு?"

"நான்தான் வெய்ன்."

"மூஞ்சி அவன் மூஞ்சிதான். ஆளு அவன் இல்ல. வெளிய போ."

வண்டியில் ஏறியதும் கேட்டேன்.

"லெனோர் யாரு மச்சான்?"

"நான் கட்டிக்க இருந்தவ. கல்யாணத்துக்கு முந்தின வாரம் உண்மையைச் சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப அரிசோனாவுல பேரப் பிள்ளைங்களோட இருக்கா. அப்பா வெரல் கதை அவளுக்கும் கர்ட்டுக்கும் மட்டும்தான் தெரியும்." சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "அன்னிக்கு வாயைத் தொறக்காம இருந்திருந்தா அவளோடதான் வீடு வீடா ஏறியிருப்பேன்" என்றார். பிறகு வண்டியை எடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் பிரச்சாரப் பொறுப்பாளர் டோரீன் கூப்பிட்டாள். "ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன மாயம் பண்ணீங்க? வீட்டுக்கு வீடு வாசல்ல உங்க பேர் போட்ட தேர்தல் போர்டை நட்டு வச்சிருக்காங்க. எமில் மட்டும்தான் கத்தறாரு. செஞ்சதையே செய்யுங்க. புருஷன் கதையை மட்டும் ரெண்டு வாரம் மூடி வைங்க, புண்ணியமாப் போகும்."

மறுநாள் வெய்ன் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. நான் வண்டிக்குள் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வீட்டம்மா வரலையா?"

"குளிருதுன்னு வண்டியிலேயே உக்காந்திருக்கா."

வாசலில் நின்றவள் எங்கள் வண்டியைப் பார்த்துக் கையசைத்தாள். என்னைப் பார்த்து அல்ல. எனக்குப் பின்னால் பார்த்து. பின் இருக்கையில் துணி உரசியது. யாரோ முழங்காலை மெல்லத் தேய்த்துவிடுவது போன்ற சத்தம். நான் திரும்பவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. அன்றைக்கு எல்லா வீட்டிலும் அதே பொய்தான். எல்லா வீட்டிலும் கையசைத்தார்கள்.

அன்று மச்சான் வீட்டில்தான் சாப்பிட்டேன். கர்ட் இறைச்சி அடையைத் தட்டில் வைத்தான். வெய்ன் அவனை நிமிர்ந்து பார்த்து, "ரொம்ப நன்றிங்க" என்றார். ஓட்டலில் பரிமாறுகிறவனிடம் சொல்வது மாதிரி. அண்ணன் கரண்டியோடு அப்படியே நின்றான்.

"என்னடா ஆச்சு இவருக்கு?" என்று என்னைக் கேட்டான்.

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் கடைசிச் சாலை, கடைசி வீடு. ஹில்மா என்ற விதவை அங்கே தனியாகக் குடியிருந்தாள். வண்டியில் இருக்கப் பயந்து நானும் வெய்னோடு படியேறினேன். கதவு திறந்ததும் காபி வாசனை. ஹில்மா வெய்னைப் பார்த்தாள், சமையலறைப் பக்கம் திரும்பினாள், மறுபடியும் வெய்னைப் பார்த்தாள்.

"உள்ள இருக்கிறவர் மாதிரியே இருக்கீங்களே. நீங்க யாரு?"

வெய்ன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பேசாமல் இறங்கிப் போயிருக்கலாம். பதவி கையில் இருந்தது.

"நான் வெய்ன் ஹக்காலா," என்றார். குரல் எழவில்லை. "என் புருஷன் கர்ட்டோட... சுரங்கத் தெருவுல குடியிருக்கேன்."

சமையலறையில் கோப்பை வைக்கும் சத்தம். பிறகு ஒரு ஆண் குரல். என் மச்சானின் குரல்.

"அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

வெய்ன் இன்னொரு தடவை சொன்னார். இந்த முறை சாலைக்கே கேட்டிருக்கும். உள்ளே ஒரு பெண், "எழுந்திரிங்க, போலாம்" என்றாள். நாற்காலி ஒன்று நகர்ந்தது. ஒரே ஒரு ஆள் நடக்கும் சத்தம், ஒரு காலை இழுத்து இழுத்து, பின்கட்டு வரை போய் நின்றது. ஹில்மா எங்களை ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்தினாள்.

பொய் சொன்ன வீடுகளுக்கெல்லாம் வெய்ன் திரும்பப் போனார். எல்லா இடத்திலும் அதே வாக்கியம். எங்களுக்குப் பின்னால் போர்டுகளைப் பிடுங்கினார்கள். டோரீன் விடாமல் கூப்பிட்டாள், போனை அணைத்துவிட்டார். நவம்பரில் தோற்றார். ஏரிக்கு அப்பால் கிட்டத்தட்ட ஒருவரும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை.

செயின்ட் பாலில் அறையைக் காலி செய்துவிட்டு வந்த வாரம் ஹில்மாவிடமிருந்து போன். கர்ட்டிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால் அவனும் கேட்கட்டும் என்று வெய்ன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்தம்மா மட்டும்தான் அன்னிக்குப் போனாங்க. அவர் இன்னும் என் சமையலறையிலதான் உக்காந்திருக்கார். வச்ச காபியைக் குடிக்கிறதில்ல, தூங்கறதில்ல. நீங்க எப்ப வருவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். எனக்குப் பயமெல்லாம் இல்ல தம்பி. பாவமா இருக்கு."

வெய்ன் கோட்டை எடுத்தார். கர்ட் தன் கோட்டையும் எடுத்தான்.

"நீ எதுக்கு?" என்றார் வெய்ன்.

"அங்க உக்காந்திருக்கிறவர் என்னைப் பார்த்ததே இல்லையே."

நான் ஓட்டினேன். ஏரி உறைய ஆரம்பித்திருந்தது. ஹில்மாவின் வீட்டு முன்னால் வண்டி நின்றதும் வெய்ன் இறங்கத் தயங்கினார். கர்ட்தான் இறங்கிப் படியேறிக் கதவைத் தட்டினான்.