குடியை விட்ட மூன்றாம் நாள்

பாப்பம்மாளின் புருஷன் நாச்சிமுத்து ஊரறியத்தான் குடியை விட்டான். ஐம்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம். மதுவிலக்குப் பிரச்சார அதிகாரி மலைமேல் இருக்கும் அட்டுவம்பட்டிக்கு ஜீப்பில் வந்து, பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைச் சேர்த்து மேடை போட்டு, பஜனை வைத்து, திருந்தியவர்கள் மூன்று பேர் வேண்டும் என்று கேட்டார். இரண்டு பேரை ஏற்கெனவே பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அந்த இருவரும் பிறந்ததிலிருந்து சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவர்கள். மூன்றாவதாக, யாரும் கூப்பிடாமலே நாச்சிமுத்து எழுந்து போனான்.

பஜாரில் உருளைக்கிழங்கு மூட்டைகளை லாரியில் ஏற்றுகிறவன் அவன். பன்னிரண்டு வருஷக் குடி. மதுவிலக்குச் சட்டம் வந்து பத்து வருஷம் ஆகியும், சோலைக்காட்டுக்குள் சாராய ஊறல் போடுகிறவர்களின் அடுப்பு ஒருநாளும் அணையவில்லை. விடிந்ததும் ஒரு கிளாஸ் உள்ளே போனால்தான் நாச்சிமுத்துவுக்குக் கை நடுக்கம் நிற்கும். அப்படிப்பட்டவன் எரிகிற சூடத்தின் மேல் கையடித்து, "பழனியாண்டவன் மேல சத்தியம், இனி தொடமாட்டேன்" என்றான். அதிகாரி மாலை போட்டார். ஃபோட்டோ எடுத்தார்கள். நாளைக்கு இவன் உடம்பு என்ன ஆகும், எங்கே போவான் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜீப் போய்விட்டது.

பாப்பம்மாள் முதலில் நம்பவில்லை. சனிக்கிழமை அவன் குடிக்காமல் படுத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். அன்றைக்கெல்லாம் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. அந்தக் குளிரில் போர்வை நனைந்தது. ஞாயிற்றுக்கிழமை கஞ்சித் தம்ளரைப் பிடிக்க முடியாமல் மார்பில் கொட்டிக்கொண்டான். அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"ஒரே ஒரு மடக்கு வாங்கியாரட்டுமாங்க? மருந்தாட்டம் குடிச்சுப்புட்டுப் படுங்க."

"சத்தியம் பண்ணிருக்கேன் புள்ள" என்றான் அவன். பல் கிட்டித்தது.

திங்கட்கிழமை வெள்ளனே எழுந்து பார்த்தால், சுவரிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். "எறும்பு, எம்புட்டு எறும்பு பாரு" என்றான். சுவரில் எதுவும் இல்லை. அவளை ஏறிட்டுப் பார்த்து, "நீ யாரு தாயி?" என்று கேட்டான். அவள் வெளியே ஓடினாள். பக்கத்து வீட்டு மணியனைக் கூப்பிட்டாள். மணியனும் மூட்டை தூக்குகிறவன்தான், நாச்சிமுத்துவோடு சேர்ந்து குடித்தவன். இருவருமாக அவனைக் கைத்தாங்கலாகச் சந்தைமேட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

டாக்டர் எழுந்துகூட வரவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தார்.

"குடிகாரனா?"

"குடிச்சவருதாங்க. இப்ப விட்டு மூணு நாளாச்சு. அதுலருந்துதான் இப்படிக் கெடக்காருங்க."

"குடி கேஸை எல்லாம் இங்க சேர்க்க முடியாது. போலீசுக்குச் சொல்லணும். அடுத்த ஆள்!"

"வாயை மோந்து பாருங்க சாமி. வாடையே இல்லீங்க."

அவர் காதில் அது விழவில்லை. வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிளுக்கு ஆள் போனது. மாதக் கடைசி. மதுவிலக்கு கேஸ் நாலு குறைகிறது என்று ஸ்டேஷனில் தவித்துக்கொண்டிருந்தார்கள் போலும். அரைமணி நேரத்தில் நாச்சிமுத்து லாக்கப்பில் இருந்தான்.

பாப்பம்மாள் ஸ்டேஷன் வாசலில் நின்று கத்தினாள். "குடிச்சப்பவும் கேசு, விட்டாலும் கேசா? நீங்க மாலை போட்டு ஃபோட்டோ புடிச்ச ஆளுய்யா இவரு!"

"தள்ளாடுறான், உளறுறான், கண்ணு செவந்திருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் ஏட்டு. உள்ளே நாச்சிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ எறும்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று பேச்சு நின்றது. உடம்பு விறைத்து, தலை தரையில் மோதி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. "நடிக்கிறான்" என்றார் ஏட்டு. ஆனால் அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

அவள் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் கம்பவுண்டர் ஒலியுல்லா நின்றிருந்தார். காலையில் நடந்ததை எல்லாம் பார்த்தவர். அவள் சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தார்.

"வலிப்பு வந்துருச்சா? திடீர்னு நிறுத்துனா சில பேருக்கு அப்படி வரும் தங்கச்சி. உடனே ஊசி போட்டுப் படுக்க வச்சுப் பாக்கணும்."

"இது டாக்டருக்குத் தெரியாதாண்ணே?"

ஒலியுல்லா சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தெரியாமலா? இந்தா, உள்ள உக்காந்திருக்காரே மில் முதலாளி, ஏரிக்கரை பங்களாக்காரரு, அவரு குடிக்கிறதுக்குச் சர்க்கார் பர்மிட்டு வாங்க டாக்டரு சர்டிபிகேட் எழுதிக்கிட்டிருக்காரு. 'மதுவைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து'ன்னு. வருஷா வருஷம் நான்தான் அதுல சீல் குத்துறேன்."

அதைக் கேட்டதும் பாப்பம்மாளுக்குள் இத்தனை நேரம் அழுகையாக இருந்தது எல்லாம் வேறொன்றாக மாறிவிட்டது. ஓ.பி. வரிசையில் நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே போனாள். மில் முதலாளி நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டரின் பேனா காகிதத்தின் மேல் இருந்தது.

"அவுகளுக்கு நிறுத்துனா உசுருக்கு ஆபத்து. எம் புருசனுக்கு நிறுத்துனா லாக்கப்பா? அவுக உடம்பு வேற, மூட்டை தூக்குற உடம்பு வேறயா? தெரிஞ்சே அனுப்புனீகளேய்யா! தெரிஞ்சேதானே அனுப்புனீக!"

"யார் இந்தப் பொம்பளையை உள்ள விட்டது?"

"யாரும் விடலை. நானாத்தான் வந்தேன். எம் புருசன் இங்க வர்ற வரைக்கும் ஒருத்தனும் இந்த ரூமை விட்டு வெளிய போக முடியாது." வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். வரிசையில் நின்ற பெண்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். கேட்டவர்கள் அவள் பின்னால் வந்து நின்றார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "மொதல்ல அந்த ஆளைக் கொண்டாரச் சொல்லுங்க சாமி, எம்புள்ள காய்ச்சல் பெறகு பாத்துக்கலாம்" என்றாள். மில் முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாச்சிமுத்துவை அனுப்பச் சொல்லி டாக்டர் ஸ்டேஷனுக்குச் சீட்டு எழுதினார்.

ஸ்டேஷனிலிருந்து நாச்சிமுத்துவைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அதற்குள் இன்னும் இரண்டு தடவை இழுத்திருந்தது. ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணி வெயிலில், பாப்பம்மாள் அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது.

மரணச் சீட்டில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதிருக்கு?"

ஒலியுல்லா தயங்கித் தயங்கிப் படித்தார். "மிதமிஞ்சிய குடியினால் மரணம்."

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "குடிச்சுச் சாகலை. விட்டுச் செத்தாரு. அப்படி எழுதுங்க."

"இறந்துட்டான். எப்படி எழுதினா என்ன?" என்றார் டாக்டர்.

"பன்னெண்டு வருசம் குடிச்சாரு, சாகலை. நீங்க விடச் சொன்னீக, விட்டாரு. விட்டவரைப் பாக்க ஒரு நாதி இல்லாமச் செத்தாரு. பொய் எழுதுன காயிதத்துல நான் கையி வைக்கமாட்டேன். பொணம் இங்கயே கெடக்கட்டும். நாறட்டும். கேக்குறவுகளுக்கு நான் சொல்லுதேன்."

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து மிரட்டிப் பார்த்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணியன் தலையில் கை வைத்துச் சுவரோரம் குந்தியிருந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒலியுல்லா திடீரென்று டாக்டர் முன்னால் வந்து நின்றார். வேலைக்குச் சேர்ந்த இருபது வருஷத்தில் அவர் டாக்டர்களை எதிர்த்துப் பேசியதில்லை.

"சார், திங்கக்கிழமை அவர்கிட்ட வாடை இல்ல. நான் பக்கத்துல இருந்தேன். விசாரணை வந்தா அதைத்தான் சொல்லுவேன். சர்டிபிகேட் விஷயமும் சொல்லுவேன்."

டாக்டர் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினார். மதுப்பழக்கத்தைத் திடீரென நிறுத்தியதால் ஏற்பட்ட வலிப்பினால் மரணம். ஒலியுல்லா இரண்டு தடவை படித்துக் காட்டினார். லாக்கப்பைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. திருப்பி அனுப்பியதைப் பற்றியும் இல்லை. அவள் கேட்டும் டாக்டர் அதை எழுதவில்லை. கடைசியில் அவள் கைநாட்டு வைத்தாள். ஒரு நகல் வாங்கிக்கொண்டுதான் பிணத்தைத் தூக்கவிட்டாள்.

மறு மாதமே ஒலியுல்லாவை மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். ஏட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரச்சார அதிகாரியின் ஜீப் அடுத்த மேடைக்காக ஆடலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

தை மாதத்தில் மணியன் குடியை விட்டான். யாரும் மேடையில் ஏற்றவில்லை. நாச்சிமுத்து செத்ததிலிருந்து கிளாஸை எடுத்தாலே அவன் முகம்தான் கண்ணில் நின்றது. இரண்டாம் நாள் அவன் பெஞ்சாதி வடிவு அலறிக்கொண்டு வந்து பாப்பம்மாளின் கதவைத் தட்டினாள். பாப்பம்மாள் பேச்சை வளர்க்கவில்லை. "வெரசாக் கெளம்பு" என்றாள். தகரப் பெட்டியிலிருந்து நகலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மணியனின் நடுங்குகிற கையைப் பிடித்து, அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வரிசையில் நிற்கவில்லை. காகிதத்தை விரித்து டாக்டரின் மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டு நாளு முன்னால விட்டவரு. இன்னும் வலிப்பு வரலை. வர்றதுக்கு முன்னாலயே கூட்டியாந்திருக்கேன்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தார். "மூணாம் நம்பர் பெட்" என்று நர்சிடம் சொன்னார்.

வடிவு அவர் காலில் விழப்போனாள். பாப்பம்மாள் அவள் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"எதுக்குடீ விழுறே? எழுந்திரு. இது அவரு செய்யவேண்டிய சோலி."