கெர்வின் வரைந்த மேட்டுக்காரி

எங்கள் மேட்டில் ஒருவனுடைய முகம் சட்டையில் வந்துவிட்டால் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். எங்கள் தீவின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். எவனையாவது சுட்டுப் போட்டால் மறுநாளே சட்டைக்குச் சொல்லிவிடுவார்கள். நெஞ்சில் செத்தவன் முகம், பின்னால் மேகம், தோளில் இறக்கை. அடக்கத்துக்கு எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டு போவார்கள். அப்புறம் கடைக்குப் போகவும் பந்து விளையாடவும் அதே சட்டைதான். தெருமுனையில் நாலு பையன்கள் நின்றால் நாலு பிணங்களும் சேர்ந்து நிற்கும். பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. சாகாத ஒரு முகம் இந்தப் பையன்களின் நெஞ்சில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை.

அதற்காகத்தான் மேட்டுக்காரியை உண்டாக்கினேன். நான் ஜோசெட், ஒரு வங்கி வாசலில் காவல் நிற்பவள். நாள் முழுக்கக் கதவைத் திறந்து மூடுகிறவளுக்குக் கதை யோசிப்பதைவிட வேறென்ன வேலை? துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மேட்டுக்காரி பறந்து வந்து குண்டுக்கு முன்னால் நிற்பாள். காமிக்ஸ் புத்தகமாகப் போட்டு, அட்டைப்படத்தைச் சட்டையிலும் அடித்து, எங்கள் பையன்களுக்குக் கொடுக்க வேண்டும். கதை தயார். வரையத்தான் ஆள் இல்லை.

ஓவியக் கல்லூரியில் படித்த ஒருவனிடம் போனேன். மேட்டுக்காரிக்கு இடுப்பே இல்லாமல், மார்பை மட்டும் இரண்டு பூசணிக்காயாக வரைந்து நீட்டினான். "இவ பறக்கவா போறா? எழுந்து நிக்கவே முடியாதேடா!" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டான். இன்னொருத்தி இரண்டு பக்கம் அழகாக வரைந்தாள். விசா வந்தது, கனடாவுக்குக் கிளம்பிவிட்டாள்.

கடைசியில் எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். கெர்வின். சட்டைக்காரக் கெர்வின். எங்கள் மேடு, எதிர்மேடு என்று இரண்டு மேட்டுப் பிணங்களுக்கும் முகம் வரைகிறவன். அவன் கடை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எதிர்மேட்டில். எங்கள் ஆண்கள் அங்கே கால் வைத்தால் திரும்பி வர மாட்டார்கள். பெண்கள் பகலில் போகலாம் என்று ஒரு வழக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்து அப்படியே போனேன்.

மெலிந்த ஆள், விரலெல்லாம் மை. தலை நிமிராமலே கேட்டான். "யாருக்குக்கா? போட்டோ கொண்டு வந்தீங்களா?"

"யாரும் சாகல தம்பி. நான் பேங்க்ல செக்யூரிட்டி கார்டு. காமிக்ஸ் வரையணும்."

நிமிர்ந்து பார்த்தான். "சாகாதவங்களுக்கா? அதுக்கு என்ன ரேட்டுன்னே எனக்குத் தெரியாதே!"

கதையை வாங்கி நின்றபடியே படித்தான். "சரி, குண்டைத் தடுத்துட்டா. சுட்டவனை என்ன பண்ணுவா?"

"காதைத் திருகி இழுத்துட்டுப் போய் அவங்கம்மா முன்னாடி நிறுத்துவா."

சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அதுக்கு அந்தக் குண்டே தேவலையே! வரையறேன் கார்டக்கா. ஆனா ஒண்ணு. கற்பனை முகம் என் கைக்கு வராது. போட்டோ வேணும், இல்ல ஆள் வேணும்."

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். உயிரோடு இருக்கிற எவளும் கெர்வின் கைக்கு முகம் கொடுக்க மாட்டேன் என்றாள். கோயிலில் பாடுகிற மாட்ரிசா அக்காவிடம் கெஞ்சினேன். "ஏன்டி, எனக்கு இன்னும் கண் ஆபரேஷன்கூட ஆகல. அதுக்குள்ள அனுப்பி வைக்கப் பாக்கறியா?" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வங்கியில் கூட்டுகிற பெண் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இத்தனை பயந்தாங்கொள்ளிகளுக்காகவா நான் கதை எழுதுகிறேன்?

"என்னையே வரை," என்றேன் கெர்வினிடம்.

"உங்கம்மா திட்ட மாட்டாங்களா?"

"அவங்க எதுக்குத்தான் திட்டல?"

அப்புறம் ஞாயிறுதோறும் வாய்க்காலைத் தாண்டினேன். வழியில் கடலை வைத்த டபுள்ஸ் ரொட்டி வாங்கிக்கொண்டு போவேன், அவனுக்கு மிளகாய் தூக்கலாக. ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து வரைவான். "ஆடாதீங்கக்கா. என்கிட்ட வர்ற ஆளுங்க யாரும் இப்படி ஆடினதே இல்ல," என்பான். "வாயை மூடுடா, சனியனே," என்பேன். கண்தான் அவனுக்குச் சரியாக வரவில்லை. போட்டோவில் கண் ஓரிடத்தில் நிற்கும், இது ஓடுகிறதே என்று அலுத்துக்கொள்வான், அழிப்பான், மறுபடி வரைவான். கடைசியில் வந்துவிட்டது. மஞ்சள் அங்கி, கீழே தகரக் கூரைகள், மேலே மேகம், நடுவில் நான் பறக்கிறேன். என் மூக்கு, என் பிடிவாதம், எல்லாம் அச்சாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

புத்தகம் அச்சுக்குப் போன வாரம், எனக்குச் சொல்லாமல் கெர்வின் முதல் சட்டையை அடித்துக் கடை வாசலில் தொங்கவிட்டான். அடுத்த ஞாயிறு நான் வரும்போது பார்த்து அசர வேண்டுமாம். அவன் கையெழுத்தும் ஓரத்தில் இருந்தது. தெருவில் போன யாரோ அதை போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். மதியத்துக்குள் எங்கள் மேடு முழுக்கப் பரவிவிட்டது. ஜோசெட் முகம், மேகம், கெர்வின் கை. போதாதா? எதிர்மேட்டுக்கு ஓயாமல் போய் வந்தாளே, முடித்துவிட்டார்கள் என்று ஊரே முடிவுகட்டியது. என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், மாறி மாறிக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை நேரத்தில் எங்கள் போனையெல்லாம் வங்கியில் பூட்டி வைத்துவிடுவார்கள். நான் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மேடேறி வந்தால் என் வீட்டு வாசலில் கூட்டம். நாற்காலி போட்டிருந்தார்கள். அண்டாவில் காப்பி, தட்டில் கிராக்கர் பிஸ்கட், ரம், சீட்டுக்கட்டு. சாவு வீட்டுக்கு உண்டான எல்லாம் வந்திருந்தன. அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடினேன். என்னைப் பார்த்ததும் மாட்ரிசா அக்கா காப்பிக் கோப்பையைப் போட்டுவிட்டு அலறினாள். அம்மா வந்தாள், என் முகத்தைத் தடவினாள், பளாரென்று ஒரு அறை விட்டாள், கட்டிக்கொண்டு அழுதாள். விஷயம் தெரிந்ததும் ஒருத்தர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சாவுக்கு வந்த காப்பியை நானே குடித்தேன்.

அப்புறம்தான் பார்த்தேன், அந்தக் கூட்டத்தில் ஒரு இளவட்டம்கூட இல்லை.

"ஜெலானி எங்கம்மா?"

ஜெலானி என் சித்தி மகன். என் மேல் உயிரையே வைத்திருக்கிறவன். அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "மத்தியானமே பசங்க எல்லாம் கார்ல போயிட்டாங்கடி," என்றாள்.

நான் வாய்க்காலை நோக்கி ஓடினேன். பாதி இறக்கத்தில் அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஜெலானி காரிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தான். பேயைப் பார்த்தவன் மாதிரி காரிலேயே சாய்ந்துவிட்டான்.

"என்னடா பண்ணினீங்க?"

"அக்கா... உன்னைக் கடையில தொங்கவிட்டிருந்தான். யாருடா செஞ்சதுன்னு கேட்டோம். சிரிச்சான்க்கா. அவங்க சாகலடா, அது காமிக்ஸுடான்னு சிரிச்சான். உயிரோட இருக்கறவளுக்கு எவன்க்கா சட்டை போடுவான்? நீயே சொல்லு."

நான் அவன் காதைத் திருகவில்லை. யார் வீட்டுக்கும் இழுத்துப் போகவில்லை. நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று கத்தினேன். அவன் பக்கத்தில் நின்று, "அக்கா, எழுந்துரு, போலீஸ் வரும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

கெர்வின் அடக்கத்துக்கு நான் போகவில்லை. இனி அந்த வாய்க்காலைப் பெண்கள்கூடத் தாண்ட முடியாது. அச்சாகி வந்த புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் என் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. அவன் அக்கா மாக்சின் போனில் ஒரே ஒரு தடவை பேசினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சட்டைக்கு அவன் முகத்தை வரைய எங்கே தேடியும் ஆள் கிடைக்கவில்லையாம். கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அடக்கம் நடந்த அன்று படம் போனில் வந்தது. எதிர்மேட்டுப் பையன்கள் வரிசையாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கடையில் தயாராக இருந்த அச்சில் அடித்த சட்டை. ஒவ்வொருவன் நெஞ்சிலும் மஞ்சள் அங்கியில் நான் பறக்கிறேன். என் காலுக்குக் கீழே கெர்வின் பெயர், அவன் பிறந்த நாள், இறந்த நாள்.